உண்மையான ஆல்ரவுண்டருக்கு அளவுகோல் எது?

மூன்றாம் ஸ்லிப் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். ஒரு வீரரை ஆல்ரவுண்டர் (மட்டை, பந்து இரண்டிலும் வல்லவர்) என்று அழைப்பதில் நாம் காட்டும் தாராளம் எனக்கு வெகுநாளாக உறுத்தலாகவே இருக்கிறது. எட்டாம் இடத்தில் இறங்கி அவ்வப்போது முப்பது ஓட்டங்கள் எடுக்கும் வேகப்பந்து வீச்சாளரும் ஆல்ரவுண்டர்; ஐந்தாம் இடத்தில் ஆடிக்கொண்டு, முதன்மைப் பந்துவீச்சாளர்கள் களைத்துப் போனபின் நான்கு ஓவர்கள் வீசிவிட்டுப் போகும் மட்டையாளரும் ஆல்ரவுண்டர். தொலைக்காட்சியில் அணிப் பட்டியலைக் காட்டும்போது இருவர் பெயருக்கும் பக்கத்தில் ஒரே குறியைப் போட்டுவிடுகிறார்கள்.

டெஸ்ட் போட்டிகளை மனத்தில் வைத்தே கேட்கிறேன். வழக்கமாகச் சொல்லப்படும் அளவுகோல்கள் இரண்டு. மட்டைச் சராசரி (ஓர் ஆட்டமிழப்புக்கு எடுத்த ஓட்டங்கள்; கூடினால் நல்லது) பந்துவீச்சுச் சராசரியைவிட (ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்த ஓட்டங்கள்; குறைந்தால் நல்லது) அதிகமாக இருக்க வேண்டும் என்பது ஒன்று. மட்டையை மட்டும் கணக்கில் எடுத்தாலும் சரி, பந்தை மட்டும் கணக்கில் எடுத்தாலும் சரி, அவர் அணியில் இடம்பிடிக்கத் தக்கவராக இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டுமே கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கின்றன. ஆனால் பெயர்களைப் பொருத்திப் பார்த்தால் குழப்பம் வருகிறது.

முதல் அளவுகோலை எடுத்துக்கொண்டால், இங்கிலாந்தின் ஆண்ட்ரூ பிளின்டாப்பின் மட்டைச் சராசரி 31.77, பந்துவீச்சுச் சராசரி 32.78, அவர் தேறவில்லை. ரவிச்சந்திரன் அஸ்வின் 25.75, 24.00, தேறிவிடுகிறார். இரு சராசரிகளின் வித்தியாசத்தை வைத்து வரிசைப்படுத்தினால், தென்னாப்பிரிக்காவின் ஜாக் காலிஸ் 55.37, 32.65, மேற்கிந்தியத் தீவுகளின் கேரி சோபர்ஸுக்கு (57.78, 34.03) ஏறத்தாழ இணையாகவும், இம்ரான் கானுக்கு (37.69, 22.81) வெகுதூரம் மேலாகவும் நிற்கிறார். காலிஸ் மாபெரும் மட்டையாளர் என்பதில் எனக்கு ஐயமில்லை. அவர் இம்ரானைவிடச் சிறந்த ஆல்ரவுண்டரா என்று கேட்டால் மட்டும் மனம் ஒப்பவில்லை.

இரண்டாம் அளவுகோலில் வேறு சிக்கல். 'இடம்பிடிக்கத் தக்கவர்' என்பதை யார் முடிவு செய்வது? எந்த நாட்டு அணியில், எந்தக் காலத்தில்? ஊகத்தின் மேல் ஊகமாக அடுக்கிக்கொண்டே போகலாமே தவிர, விடை கிடைப்பதாகத் தெரியவில்லை. உங்கள் கருத்துகளை அறிய விரும்புகிறேன்.

பழைய பந்து எழுதியது:

சராசரி வித்தியாசக் கணக்கைக் கவிழ்ப்பதற்கு ஒரே ஒரு பெயர் போதும். டான் பிராட்மேன் 52 டெஸ்ட் போட்டிகளில் எடுத்த விக்கெட்டுகள் இரண்டு. கொடுத்த ஓட்டங்கள் 72. எனவே பந்துவீச்சுச் சராசரி 36.00. மட்டைச் சராசரி 99.94 என்பது எல்லோருக்கும் மனப்பாடம். வித்தியாசம் 63.94. இந்தக் கணக்கின்படி உலகம் கண்ட தலைசிறந்த ஆல்ரவுண்டர் பிராட்மேன்தான். சோபர்ஸ் அவருக்குக் கிட்டத்தில்கூட வர முடியாது. (அந்த இரண்டு விக்கெட்டுகளில் ஒன்று வால்டர் ஹாமண்டுடையது என்பதையும் சொல்லிவிடுகிறேன், பந்துவீச்சாளர் பிராட்மேனுக்கும் நாம் ஒரு நியாயம் செய்ய வேண்டும் அல்லவா.)

இது வேடிக்கையான எடுத்துக்காட்டுதான். ஆனால் கோளாறு எங்கே இருக்கிறது என்பதை இது காட்டிவிடுகிறது. ஒருவர் எவ்வளவு சுமந்தார் என்பதைச் சராசரி சொல்வதில்லை. பத்து ஓவர் வீசியவரையும் நாற்பது ஓவர் வீசியவரையும் அது ஒரே வரிசையில் உட்கார வைத்துவிடுகிறது. மிகச் சிறந்த மட்டையாளர் ஒருவர் சுமாராகப் பந்து வீசினாலே போதும், வித்தியாசம் இருபதைத் தாண்டிவிடும். மிகச் சிறந்த பந்துவீச்சாளர் ஒருவர் சுமாராக மட்டை பிடித்தால் அந்த வித்தியாசம் ஐந்து ஆறோடு நின்றுவிடும். மட்டைச் சராசரி ஐம்பதுக்கு மேலேயும் ஏறலாம், பந்துவீச்சுச் சராசரியோ இருபதுக்குக் கீழே இறங்குவது அரிது. எனவே இந்தக் கணக்கு இயல்பாகவே மட்டையாளர் பக்கம் சாய்ந்தது.

இதற்கு மாற்றாக நான் பார்ப்பது, அணித்தலைவர் அவரிடம் எத்தனை முறை பந்தைக் கொடுத்தார் என்பதை. சோபர்ஸ் 93 டெஸ்ட்டுகளில் 21,599 பந்துகள் வீசினார். போட்டிக்குச் சுமார் 232. இங்கிலாந்தின் இயன் போத்தம் 102 டெஸ்ட்டுகளில் 21,815, போட்டிக்கு 214. இம்ரான் 88 டெஸ்ட்டுகளில் 19,458, போட்டிக்கு 221. கபில் தேவ் 131 டெஸ்ட்டுகளில் 27,740, போட்டிக்கு 212. இந்த நால்வரும் வெவ்வேறு அணிகளுக்கு, வெவ்வேறு ஆடுகளங்களில் ஆடியவர்கள். ஆயினும் போட்டிக்கு முப்பத்தைந்து ஓவர் அல்லது அதற்கு மேல் என்ற ஒரே அளவுக்கு வந்து சேர்கிறார்கள். காலிஸ் 166 டெஸ்ட்டுகளில் 20,232 பந்துகள், போட்டிக்கு 122. அதாவது இரண்டு இன்னிங்ஸையும் சேர்த்து இருபது ஓவர். கேள்வி கேட்ட நண்பரின் மனம் ஒப்பாததற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஒரு நேர்மையான இடைஞ்சலையும் மறைக்கக் கூடாது. ஒரு விக்கெட்டுக்குக் காலிஸ் எடுத்துக்கொண்டவை 69 பந்துகள். சோபர்ஸ் எடுத்துக்கொண்டவை 92. கையில் பந்து இருந்தபோது காலிஸ்தான் விரைவாக விக்கெட் எடுத்தார். அவருக்குக் குறைவாகப் பந்து கொடுக்கப்பட்டதற்கு அவருடைய திறமைக் குறைவு காரணம் அன்று. டொனால்ட், பொல்லாக், நிட்டினி, ஸ்டெய்ன் என்று மாறி மாறி அணியில் இருந்தவர்கள்தான் காரணம். சோபர்ஸின் நிலைமை வேறு. புதிய பந்தில் இடக்கை மித வேகம், பந்து தேய்ந்தபின் விரல் சுழல், தேவைப்பட்டால் மணிக்கட்டுச் சுழல் என்று, அணியில் எந்தப் பந்துவீச்சாளர் குறைகிறாரோ அந்த இடத்தை அவரே நிரப்பினார். அப்படி நாளெல்லாம் வீசுபவரின் சராசரி 34க்குப் போவதில் வியப்பில்லை.

சதங்களையும் ஐந்து விக்கெட் இன்னிங்ஸ்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதும் உதவும். போத்தம் 14, 27. கபில் 8, 23. இம்ரான் 6, 23. கீத் மில்லர் 7, 7. சோபர்ஸ் 26, 6. காலிஸ் 45, 5. இதில் எனக்கு மிகவும் பிடித்தது மில்லரின் வரி. ஒரு பக்கமும் சாயாமல் தராசு நடுவில் நிற்கிறது.

நைட்வாட்ச்மேன் எழுதியது:

பழைய பந்து அவர்கள் கொடுத்த ஓவர் கணக்கு அருமை. ஆனால் இரண்டாம் அளவுகோலை வெறும் ஊகம் என்று நண்பர் மூன்றாம் ஸ்லிப் ஒதுக்கிவிட்டதை நான் ஏற்கவில்லை. 'தனித்தனியாகத் தேர்வாகியிருப்பாரா?' என்று கற்பனை செய்ய வேண்டியதே இல்லை. பல வீரர்களின் வாழ்க்கையில் அது உண்மையாகவே நடந்திருக்கிறது.

சோபர்ஸ் 1954இல் கிங்ஸ்டனில் தம் முதல் டெஸ்ட்டை ஆடியபோது வயது 17. அவரை எடுத்தது இடக்கைச் சுழற்பந்து வீச்சுக்காக. ஒன்பதாம் இடத்தில் இறங்கினார்; இங்கிலாந்தின் முதல் இன்னிங்ஸில் 75 ஓட்டங்கள் கொடுத்து நான்கு விக்கெட்டுகள் எடுத்தார். நான்கு ஆண்டுகள் கழித்து அதே மைதானத்தில் ஆட்டமிழக்காமல் 365 எடுத்து உலக சாதனை படைத்தவர், முதலில் பந்துவீச்சாளராகவே அணிக்குள் வந்தவர். பந்துவீச்சுக்காக மட்டும் அவரை எடுத்திருப்பார்களா என்று இனி யாரும் கேட்க வேண்டியதில்லை, எடுத்தார்கள்.

இம்ரான் கதை இதற்கு நேர்மாறானது. 1982–83 பருவத்தில் இந்தியாவுக்கு எதிரான ஆறு டெஸ்ட்டுகளில் 40 விக்கெட்டுகள் எடுத்தார். பைசலாபாத்தில் ஒரே போட்டியில் 117 ஓட்டங்களும் 11 விக்கெட்டுகளும். அதன்பின் முழங்காலுக்குக் கீழே எலும்பில் விரிசல் விழுந்து பந்து வீச முடியாமல் போயிற்று. உலகின் மிகச் சிறந்த வேகப்பந்து வீச்சாளர்களில் ஒருவரால் ஓடி வந்து வீச முடியவில்லை என்றால், வேறு எந்த அணியும் அவரை வீட்டில் உட்கார வைத்திருக்கும். 1983 உலகக் கோப்பையில் அவர் மட்டையாளராக மட்டும் ஆடினார். லீட்ஸில் இலங்கைக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 102 எடுத்தார். அந்த ஆண்டின் இறுதியில் மெல்போர்ன் டெஸ்ட்டில், ஒரு பந்துகூட வீசாமல், லில்லியும் லாசனும் வீசிய பந்துகளுக்கு எதிராக 83, ஆட்டமிழக்காமல் 72. இதைவிடத் தெளிவான தேர்வு வேறு எது வேண்டும்?

பென் ஸ்டோக்ஸும் இப்படிப்பட்டவரே. 2023 உலகக் கோப்பையில் அவர் பந்தைத் தொடவே இல்லை. மட்டைக்காக மட்டுமே ஆடினார், நெதர்லாந்துக்கு எதிராகச் சதமும் அடித்தார். முழங்கால் ஒத்துழைத்த காலங்களில் டெஸ்ட்டில் முதல் மாற்றுப் பந்துவீச்சாளராக நீண்ட ஸ்பெல் (ஒரே மூச்சில் பல ஓவர்கள்) வீசியவரும் அவரே. டெஸ்ட்டில் 7,000 ஓட்டங்களும் 200 விக்கெட்டுகளும் சேர்த்தவர்கள் சோபர்ஸ், காலிஸ், ஸ்டோக்ஸ் ஆகிய மூவர் மட்டுமே.

இந்தக் கண்ணோட்டத்தில் ஹாட்லியும் அஸ்வினும் எங்கே நிற்கிறார்கள் என்பதும் விளங்கிவிடும். நியூசிலாந்தின் ரிச்சர்ட் ஹாட்லி 431 விக்கெட்டுகள், 3,124 ஓட்டங்கள், இரண்டு சதங்கள். அஸ்வின் 537 விக்கெட்டுகள், 3,503 ஓட்டங்கள், ஆறு சதங்கள். ஒரே டெஸ்ட்டில் சதமும் ஐந்து விக்கெட்டுகளும் எடுத்ததை நான்கு முறை செய்தவர், அவருக்கு மேலே ஐந்து முறை செய்த போத்தம் மட்டுமே இருக்கிறார். ஆயினும் தோள்பட்டை வலியால் பந்து வீச முடியாது என்று அஸ்வின் சொல்லியிருந்தால் தேர்வாளர்கள் அவரை ஏழாம் இடத்துக்கு மட்டையாளராக எடுத்திருப்பார்களா? மாட்டார்கள். மிகச் சிறந்த பந்துவீச்சாளர், மட்டையிலும் வல்லவர் என்று சொல்வதில் அவருக்கு எந்தக் குறைவும் இல்லை. எல்லாப் புகழையும் ஆல்ரவுண்டர் என்ற ஒரே பெட்டிக்குள் திணிக்க வேண்டும் என்ற அவசரம்தான் நம்மைக் குழப்புகிறது.

கபில் தேவ் எல்லைக்கோட்டில் நிற்பவர் என்பதை மறுக்க மாட்டேன், 31.05 என்ற சராசரி மட்டையாளராக இடம் கேட்பதற்குப் போதாது என்பார்கள். ஆனால் 1990இல் லார்ட்ஸில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். கிரஹாம் கூச்சின் 333ஐத் தொடர்ந்து இங்கிலாந்து 653 எடுத்து டிக்ளேர் செய்திருந்தது. இந்தியா ஒன்பது விக்கெட் இழப்புக்கு 430. பாலோ ஆனைத் (உடனே மீண்டும் மட்டை பிடிக்க வைக்கப்படுவதை) தவிர்க்க இன்னும் 24 வேண்டும். மறுமுனையில் நரேந்திர ஹிர்வானி. எட்டி ஹெமிங்ஸின் ஓவரில் கபில் அடுத்தடுத்து நான்கு சிக்ஸர்கள் அடித்தார். சரியாக இருபத்து நான்கு. அடுத்த ஓவரிலேயே ஹிர்வானி ஆட்டமிழந்தார். பின்வரிசை வீரரின் கண்மூடித்தனமான மட்டைவீச்சு என்று அதைச் சொல்ல முடியாது. மறுமுனையில் நிற்பவர் ஒரு பந்தைக்கூடத் தாங்கமாட்டார் என்று கணக்குப் போட்டு, ஒற்றை ஓட்டங்களை மறந்துவிட்டு, நேர்த் திசையில் எல்லைக்கு அப்பால் அனுப்பிய மட்டையாளரின் வேலை அது. இந்தியா அந்தப் போட்டியில் தோற்றது என்பது வேறு செய்தி.

மூன்றாம் ஸ்லிப் எழுதியது:

இருவருக்கும் நன்றி. உண்மையில் நடந்த தேர்வுகளைத் தேடிப் பார்க்கலாம் என்ற யோசனை எனக்குத் தோன்றியதே இல்லை. இரண்டு துணைக் கேள்விகள் எழுகின்றன. ஒரு வீரர் தம் வாழ்க்கையின் முற்பாதியில் பந்துவீச்சாளராகவும் பிற்பாதியில் மட்டையாளராகவும் இருந்தால், மொத்தக் கணக்கைக் கூட்டி அவரை ஆல்ரவுண்டர் என்று சொல்லலாமா? அடுத்து, விக்கெட் கீப்பர்களை இந்தக் கணக்கில் சேர்ப்பதா, வேண்டாமா?

சில்லி பாயிண்ட் எழுதியது:

முதல் கேள்விக்கு மிக அழகான விடை வில்பிரெட் ரோட்ஸ். 1903இல் சிட்னியில் அவர் இங்கிலாந்தின் பதினோராம் ஆட்டக்காரர். கடைசி விக்கெட்டுக்கு ஆர். இ. பாஸ்டருடன் 130 ஓட்டங்கள் சேர்த்தார். 1912இல் மெல்போர்னில் அதே மனிதர் தொடக்க ஆட்டக்காரராக ஜாக் ஹாப்ஸுடன் 323 ஓட்டங்கள் சேர்த்தார். இடையில் மட்டை வளர வளர அவருடைய சுழல் பின்னுக்குப் போய்விட்டது. அந்த 1911–12 தொடரில் அவர் வீசியது மிகக் குறைவு. பிறகு 1926இல், 48 வயதில், ஓவல் டெஸ்ட்டுக்கு அழைக்கப்பட்டு இரண்டாம் இன்னிங்ஸில் 44 ஓட்டங்களுக்கு நான்கு விக்கெட்டுகள் எடுத்து, ஆஸ்திரேலியாவுடனான ஆஷஸ் தொடரை வெல்ல உதவினார். மொத்தக் கணக்கில் 2,325 ஓட்டங்கள், 127 விக்கெட்டுகள். இரண்டும் ஒரே மனிதருடையவை என்றாலும் பெரும்பாலும் ஒரே காலத்தைச் சேர்ந்தவை அல்ல.

ரவி சாஸ்திரியின் பாதையும் இதைப் போன்றதே. 1981இல் வெலிங்டனில் பத்தாம் இடத்தில் ஆடும் சுழற்பந்து வீச்சாளராக வந்தவர், 1992இல் சிட்னியில் தொடக்க ஆட்டக்காரராக 206 எடுத்தார். அந்தச் சிட்னி போட்டியின் இரண்டாம் இன்னிங்ஸில் 45 ஓட்டங்களுக்கு நான்கு விக்கெட்டுகளும் எடுத்தார் என்பது பலருக்கு மறந்துபோயிருக்கும். ஆனால் வாழ்க்கை முழுவதற்குமான 35.79, 40.96 என்ற எண்கள், மட்டையில் அவர் உயர்ந்த அளவுக்குப் பந்தில் நிலைக்கவில்லை என்றே சொல்கின்றன.

ஆகவே என் கருத்து இது. இரு திறமைகளும் ஒரே காலத்தில், ஒரே உடலில் உச்சத்தில் இருந்திருக்க வேண்டும். எவ்வளவு காலம் என்பதைப் பொறுத்து அவர் பெருமை கூடும் அல்லது குறையும். பிளின்டாப்பின் மொத்தச் சராசரி அவருக்கு அநியாயம் செய்கிறது. 2005 ஆஷஸ் தொடரில் 402 ஓட்டங்கள், 24 விக்கெட்டுகள். அந்த ஐந்து போட்டிகளில் அவரை விடச் சிறந்த ஆல்ரவுண்டர் உலகில் இருந்ததாக யாராவது வாதிட்டால் நான் கேட்க ஆவலாக இருக்கிறேன். போத்தமும் அப்படியே. 21 டெஸ்ட்டுகளில் 1,000 ஓட்டங்களையும் 100 விக்கெட்டுகளையும் தொட்டவர். 1980இல் பம்பாயில், அணி 58 ஓட்டங்களுக்கு ஐந்து விக்கெட்டுகளை இழந்து தவித்த இன்னிங்ஸில் 114 எடுத்ததோடு, 58க்கு ஆறு, 48க்கு ஏழு என 13 விக்கெட்டுகளையும் சாய்த்தவர். பிற்காலத்தில் உடல் கனத்து வேகம் குறைந்தபின் ஆடிய போட்டிகள் அவருடைய சராசரியைக் கீழே இழுத்துவிட்டன. அவர் 1982இலேயே ஓய்வு பெற்றிருந்தால் இந்த விவாதமே நடந்திருக்காது என்று நினைக்கிறேன்.

இம்ரான் இதற்கு மாறாக மேலே மேலே போனவர். கடைசிப் பத்தாண்டுகளில் மட்டைச் சராசரி ஐம்பதை ஒட்டியும் பந்துவீச்சுச் சராசரி இருபதுக்குக் கீழேயும் இருந்தன. ஒரே காலத்தில் இரண்டும் உச்சத்தில் என்ற அளவுகோலை முழுமையாக நிறைவேற்றியவர் என்று ஒருவரைத்தான் காட்ட முடியும் என்றால் நான் அவரைக் காட்டுவேன். சோபர்ஸ் ரசிகர்கள் என்னை மன்னிக்கட்டும்.

விக்கெட் கீப்பர்களை நான் சேர்ப்பதில்லை. அது இழிவினால் அன்று. ஆல்ரவுண்டர் ஒருவர் அணிக்குத் தருவது கூடுதலான ஓர் இடத்தை. மட்டையாளர் ஒருவரைக் குறைக்காமலே ஐந்தாம் பந்துவீச்சாளரைச் சேர்த்துக்கொள்ள அவர் வழி செய்கிறார். அணிக்கு ஒரே ஒரு கீப்பர்தான் தேவை. அந்த இடம் எப்படியும் நிரப்பப்பட வேண்டியதே. ஆனாலும் கில்கிறிஸ்ட் ஏழாம் இடத்தில் இறங்கி 47.60 சராசரியில் 17 சதங்கள் அடித்தபோது ஆஸ்திரேலியாவுக்கு ஆறு மட்டையாளர்களும் அவருமாக ஏழு பேர் கிடைத்தார்கள் என்பதை மறுக்க முடியாது. கீப்பிங் எவ்வளவு பெரிய சுமை என்பதற்கு இலங்கையின் சங்கக்காராவே சான்று: கையுறை அணிந்து ஆடிய டெஸ்ட்டுகளில் அவர் சராசரி நாற்பதை ஒட்டியது, கழற்றி வைத்துவிட்டு ஆடியவற்றில் அறுபத்தைந்தைத் தாண்டியது. பெயர் வேறாக இருக்கட்டும், மரியாதை ஒன்றாக இருக்கட்டும்.

ஐந்தாவது பவுலர் எழுதியது:

விவாதம் டெஸ்ட்டுக்குள் நிற்கிறது என்று தெரிந்தும் ஒருநாள் போட்டியைப் பற்றிச் சில வரிகள் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் நம் மனத்தில் இருக்கும் குழப்பத்தில் பாதி அங்கிருந்து வந்தது.

டெஸ்ட்டில் நான்கு பந்துவீச்சாளர்களை வைத்துக்கொண்டே ஒரு நாளை ஓட்டிவிடலாம். ஐம்பது ஓவர் போட்டியில் ஒருவர் பத்து ஓவர்களுக்கு மேல் வீச முடியாது என்பதால் குறைந்தது ஐவர் வீசியே ஆக வேண்டும். எனவே அந்த ஐந்தாவது பத்து ஓவர்களை யார் வீசுவது என்பது விதியே எழுப்பும் கேள்வி. 2011 உலகக் கோப்பையில் யுவராஜ் சிங் 362 ஓட்டங்களும் 15 விக்கெட்டுகளும் எடுத்துத் தொடர் நாயகன் ஆனார். அவரை எந்த நாளிலும் பந்துவீச்சாளராக மட்டும் அணியில் எடுத்திருக்க மாட்டார்கள்; டெஸ்ட் அளவுகோலில் அவர் பகுதிநேரப் பந்துவீச்சாளரே. ஆனால் அந்தத் தொடரில் அவர் வீசியிராவிட்டால் இந்தியா ஏழு மட்டையாளர்களுடன் ஆடியிருக்க முடியாது. அயர்லாந்துக்கு எதிராக 31 ஓட்டங்களுக்கு ஐந்து விக்கெட்டுகளும் ஆட்டமிழக்காத அரைசதமும். உலகக் கோப்பைப் போட்டி ஒன்றில் இவ்விரண்டையும் சேர்த்துச் செய்த முதல் வீரர் அவர். 2019இல் அதை ஆப்கானிஸ்தானுக்கு எதிராக மீண்டும் செய்த ஷகிப் அல் ஹசன், அந்தத் தொடர் முழுவதிலும் 606 ஓட்டங்கள் குவித்தார், 11 விக்கெட்டுகள் எடுத்தார். ஷகிப்பை நான் தயங்காமல் உண்மையான ஆல்ரவுண்டர் என்பேன். வங்கதேச அணியில் இரு தகுதிகளிலும் முதல் வரிசையில் நின்றவர் அவர்.

பெண்கள் கிரிக்கெட்டையும் இங்கே மறந்துவிட்டோம். ஒரே டெஸ்ட்டில் சதமும் பத்து விக்கெட்டுகளும் எடுத்த முதல் ஆட்டக்காரர் போத்தம் அல்லர். 1958இல் மெல்போர்னில் இங்கிலாந்துக்கு எதிராக அதைச் செய்தவர் ஆஸ்திரேலியாவின் பெட்டி வில்சன். அண்மையில், 2025 உலகக் கோப்பையில் தீப்தி சர்மா 22 விக்கெட்டுகளும் 215 ஓட்டங்களும் எடுத்தார். இறுதிப் போட்டியில் 58 ஓட்டங்கள், 39க்கு ஐந்து விக்கெட்டுகள். நைட்வாட்ச்மேன் அவர்களின் அளவுகோலை வைத்துப் பார்த்தால் தீப்தி பந்துக்காகவே முதலில் தேர்வாவார் என்பது என் கணிப்பு. இறுதிப் போட்டியின் அரைசதத்தை எந்தக் கணக்கில் எழுதுவது என்று அவரே சொல்லட்டும்.

இருபது ஓவர் ஆட்டத்தைப் பற்றி ஒரே ஒரு கவலை. ஐபிஎல்லில் 2023 முதல் வந்திருக்கும் இம்பேக்ட் பிளேயர் விதி, அணி ஒன்று மட்டையாளரை எடுத்துவிட்டுப் பந்துவீச்சாளரைச் சேர்க்க வழி செய்துவிட்டது. இரண்டையும் ஓரளவு செய்யக்கூடிய இளைஞருக்கு அங்கே ஓவர் கிடைப்பதில்லை. ரோகித் சர்மாவே இதை வெளிப்படையாகக் குறை சொன்னார். ஓவர் கிடைக்காத பந்துவீச்சாளர் எப்படி வளர்வார்?

பழைய பந்து எழுதியது:

ஷகிப்பைப் பற்றிச் சொன்னது முக்கியம். தேர்வு என்பது எப்போதும் ஓர் அணிக்குள் நடப்பது. உலக அணிக்குள் நடப்பதில்லை. வலுவற்ற அணியில் ஆடியவரை, 'வேறு நாட்டில் பிறந்திருந்தால் இடம் கிடைத்திருக்குமா' என்று கேட்டு மட்டம் தட்டுவது நியாயமில்லை. அவர் சுமந்த பாரம் அங்கே இருமடங்கு.

வினூ மன்கட் 1952இல் லார்ட்ஸில் என்ன செய்தார் என்று பாருங்கள். லங்காஷயர் லீக்கில் ஹாஸ்லிங்டன் கிளப்புக்காக ஆடிக்கொண்டிருந்தவரை இந்தப் போட்டிக்காக விடுவித்து வரவழைத்தார்கள். தொடக்க ஆட்டக்காரராக இறங்கி இந்தியாவின் 235இல் 72 எடுத்தார். இங்கிலாந்து 537 எடுத்தபோது 73 ஓவர்கள் வீசி 196 ஓட்டங்களுக்கு ஐந்து விக்கெட்டுகள். எழுபத்து மூன்று ஓவர்கள் வீசிய தோளுடன் மீண்டும் தொடக்க ஆட்டக்காரராகவே போய் நின்று, அணியின் 378இல் 184 எடுத்தார். கடைசியில் இங்கிலாந்து வெற்றிக்கான சிறிய இலக்கைத் துரத்தியபோது மறுபடியும் 24 ஓவர்கள். இந்தியா எட்டு விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. அவருடைய மொத்தக் கணக்கு 31.47, 32.32, நாம் தொடக்கத்தில் பேசிய சராசரி அளவுகோலில் பிளின்டாப்பைப் போல மன்கட்டும் தேற மாட்டார். அந்த அளவுகோலை ஒதுக்கிவைப்பதற்கு எனக்கு இந்த ஒரு போட்டியே போதும்.

மூன்றாம் ஸ்லிப் எழுதியது:

மன்கட்டைப் பற்றிய பதிவு மனத்தை நிறைத்துவிட்டது. அப்படியானால் காலிஸ்? ஓவர் கணக்கில் அவர் பின்தங்குகிறார். பந்துவீச்சாளராக மட்டும் தேர்வானவர் என்று சொல்லவும் வழியில்லை. பட்டியலிலிருந்து நீக்கிவிடலாமா?

நைட்வாட்ச்மேன் எழுதியது:

நீக்கக் கூடாது என்பதே என் நிலை. ஒருவர் இருந்தபோது எவ்வளவு வீசினார் என்று மட்டும் பார்க்காமல், அவர் போனபின் அணி என்ன செய்தது என்றும் பார்க்க வேண்டும். காலிஸ் 2013 டிசம்பரில் டர்பனில் இந்தியாவுக்கு எதிராகச் சதம் அடித்துவிட்டு டெஸ்ட்டிலிருந்து விடைபெற்றார். அடுத்த தொடர் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக. செஞ்சூரியனில் ரையன் மெக்லாரனை எடுத்தார்கள். போர்ட் எலிசபெத்தில் அவர் இல்லை, வெய்ன் பார்னல் வந்தார். கேப் டவுனில் பார்னலும் இல்லை, கைல் அபாட் வந்தார். காயங்களும் இதற்கு ஒரு காரணம்தான். ஆனால் முதல் இருவரை எடுத்தபோது தேர்வாளர்கள் தேடியது மட்டையும் பிடிக்கத் தெரிந்த வேகப்பந்து வீச்சாளரை. மூன்றாம் போட்டிக்கு வந்தபோது அந்தத் தேடலை விட்டுவிட்டு, முழுநேரப் பந்துவீச்சாளர் ஒருவரைச் சேர்த்துக்கொண்டார்கள்.

போட்டிக்கு இருபது ஓவர் என்று நாம் இங்கே இலகுவாகச் சொல்லிவிடுகிறோம். ஸ்டெய்னும் மோர்கலும் மூச்சு வாங்கிக்கொள்ளும் நேரத்தில் வீசப்படும் அந்த இருபது ஓவர்களுக்காக, மூன்றாம் அல்லது நான்காம் இடத்தில் 55 சராசரியில் ஆடிய ஒருவருக்குப் பதிலாக யாரை வைப்பது என்பதைத் தென்னாப்பிரிக்கத் தேர்வாளர்கள் அந்த மூன்று போட்டிகளில் மூன்று விதமாக முடிவு செய்தார்கள். இம்ரானுக்கு மேலே காலிஸை வைக்க நான் ஒப்ப மாட்டேன். பட்டியலில் வைக்க வேண்டும் என்பதில் மட்டும் உறுதியாக இருக்கிறேன்.